பேய்ப்பட போஸ்டரும் நாலாவது ஜோடி செருப்பும்

போன மாசம் ஒரு சாயங்காலம் மூணு பசங்க கடைக்கு வந்தானுங்க. நம்ம கடைன்னா ஒண்ணும் பெருசா இல்ல, ஃப்ளெக்ஸ், கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து பேனர், கண்ணீர் அஞ்சலி, இதான் பொழப்பு. "அண்ணே ஒரு ஷார்ட் ஃபிலிம் எடுத்திருக்கோம்ணே, பேய்ப்படம், போஸ்டர் வேணும், அப்படியே யூடியூபுக்கு தம்ப்நெயிலும் பண்ணிக் குடுத்துருங்க, காசு மட்டும் கொஞ்சம் பாத்துப் போடுங்கண்ணே"ன்னானுங்க. சரி தம்பி என்ன மாதிரி வேணும்னேன்.

"கறுப்பு பேக்ரவுண்டுண்ணே. நடுவுல ஒரு பொண்ணு முகம், முடி முன்னாடி விழுந்திருக்கணும், கண்ணு வெள்ளையா இருக்கணும், முழியே இருக்கக் கூடாது. பின்னாடி ஒரு பங்களா, நிலா, வவ்வால். டைட்டில்ல ரத்தம் சொட்டணும்ணே."

படத்துல பங்களா வருதான்னு கேட்டேன். வரலயாம். ரெண்டு ரூம் போர்ஷன் வீடு, ஒருத்தனோட மாமா வீடு வாடகைக்கு ஆள் வராம சும்மா கெடந்திருக்கு, அதுல எடுத்திருக்கானுங்க, படத்துக்குப் பேரே 'போர்ஷன்'தான். சரி பொண்ணு வருதான்னேன். மூணு பேரும் ஒருத்தன் மூஞ்சிய ஒருத்தன் பாத்துக்கிட்டானுங்க. "நடிக்கிறேன்னு சொன்ன பொண்ணு கடைசி நேரத்துல வரலண்ணே, அதனால பேய குரலா மட்டும் வச்சிட்டோம்."

அதாவது பங்களா இல்ல, பொண்ணு இல்ல, வவ்வால் இல்ல, ரத்தமும் இல்ல (கேட்டேன், இல்ல). ஆனா போஸ்டர்ல எல்லாம் வேணும். எனக்கு சிரிப்பு வந்துச்சு, ஆனா யோசிச்சுப் பாத்தா அவனுங்க மேல தப்பு சொல்ல முடியல, ஏன்னா நான் சின்ன வயசுல பயந்ததே அப்படி ஒரு போஸ்டரப் பாத்துத்தான்.

ஆறாவது படிக்கும்போது டியூஷன் விட்டு வர்ற வழில ஒரு செவுரு, தியேட்டர்காரங்க வாராவாரம் போஸ்டர் ஒட்டுற செவுரு. ஒரு வாரம் அதுல ஒரு டப்பிங் படம். ஒரு பொம்பள மூஞ்சி, பச்சைக்கும் நீலத்துக்கும் நடுவுல ஒரு கலரு, வாய் பாதி தெறந்து, கண்ணுல வெள்ளை மட்டும். ஓரத்துல வட்டத்துக்குள்ள 'ஏ'. அந்த 'ஏ'வே எனக்கு பேய் மாதிரிதான் இருந்துச்சு, உனக்கு அனுமதி இல்லாத ஒண்ணு உள்ள நடக்குதுன்னு சொல்ற மாதிரி. அந்த வாரம் பூரா அடுத்த தெருவச் சுத்தித்தான் வீட்டுக்குப் போனேன். அடுத்த வாரம் பாதி போஸ்டர மாடு தின்னுருச்சு (மைதா பசை இல்லையா, ருசி போல), மிச்சம் ஒரு கண்ணு மட்டும் செவுத்துல ஒட்டிக்கிட்டு இருந்துச்சு, அது முழு மூஞ்சியவிட மோசம்.

காலேஜ் படிக்கும்போது அந்தப் படத்தோட சிடி ஒருத்தன்கிட்ட மாட்டுச்சு. ஆசையா ஒக்காந்து பாத்தா பாதிப் படம் சொத்துத் தகராறு, மீதிப் படம் கோர்ட்டு. அந்த மூஞ்சி படத்துல எங்கயுமே இல்ல! ஒரு ஃப்ரேம்ல கூட இல்ல. ஆனா இன்னைக்கும் அந்தப் படத்துக் கதை எனக்கு ஞாபகம் இல்ல, அந்தக் கண்ணு மட்டும் ஞாபகம் இருக்கு.

இந்த விஷயம் மண்டைக்குள்ள உறுத்திக்கிட்டே இருந்ததாலயோ என்னவோ, தொழில்னு இதுக்குள்ள வந்தப்புறம் பழைய போஸ்டரா தேடித்தேடிப் பாக்குற கிறுக்கு வந்துருச்சு, பாக்கப் பாக்க எனக்குத் தோணுனது என்னன்னா பேய்ப்பட போஸ்டர்ல பேரு வாங்குனதெல்லாம் பெரும்பாலும் படத்துல இல்லாத ஒண்ணக் காட்டுனதுதான். பொய்தான். ஆனா பொய்லயும் நல்ல பொய் கெட்ட பொய் இருக்கு.

நல்ல பொய்க்கு ஆள் சொல்லணும்னா ஃபிலிப் கிப்ஸ். 1968ல 'ரோஸ்மேரிஸ் பேபி'க்கு அவர் பண்ண போஸ்டர் பாத்திருப்பீங்க. முழுக்கப் பச்சை. கீழ இருந்து மேல பாத்தபடி ஹீரோயினோட முகம், பக்கவாட்டுல, பெருசா, லேசா மங்கலா. அது மேல கரடுமுரடா ஒரு பாறை மேடு, மேட்டு உச்சில குழந்தைய வச்சுத் தள்ளுற வண்டி ஒண்ணு, கறுப்பு நிழலா. அவ்வளவுதான். பேய் இல்ல, சாத்தான் இல்ல, கொம்பு வால் எதுவும் இல்ல. அந்தப் படம் நடக்குறது நியூயார்க்ல ஒரு அபார்ட்மெண்ட்ல, அங்க ஏது பாறை மேடு? எவன் கொண்டுபோய் குழந்தை வண்டிய மலை உச்சில நிறுத்துவான்? ஆனா அந்தக் கேள்வி வந்த உடனே நீங்க மாட்டிக்கிட்டீங்க, அந்த வண்டிக்குள்ள என்ன இருக்குன்னு எட்டிப் பாக்கணும்னு தோணிரும்.

பதினோரு வருஷம் கழிச்சு 1979ல 'ஏலியன்' போஸ்டரும் இவரோடதுதான். கறுப்பு வானம், நடுவுல ஒரு முட்டை, அடியில வெடிச்சு அதுல இருந்து பச்ச வெளிச்சம் ஒழுகுது. கீழ ஒரு வரி, விண்வெளியில நீ கத்துனா யாருக்கும் கேக்காதுன்னு. அந்த வரிய எழுதுனது அவரோட மனைவி பார்பரா கிப்ஸ். படம் பாத்தவங்களுக்குத் தெரியும், படத்துல வர்ற முட்டை இப்படியே இருக்காது, அது தோல் மாதிரி வழவழன்னு ஆள் இடுப்பு உசரத்துக்கு நிக்கும், உச்சில பூ விரியிற மாதிரி நாலா விரியும். போஸ்டர்ல இருக்கிறது நம்ம கோழிமுட்டை ஓடு மாதிரி, கீழ விரிசல் விட்டது. படத்துல அதுக்குள்ள என்ன இருக்குன்னு பாத்துடுறோம், போஸ்டர்ல கடைசி வரைக்கும் பாக்க முடியாது. குழந்தை வண்டி, முட்டை, ரெண்டும் ஒரே வித்தைதான்னு எனக்குப் படுது, மூடுன பாத்திரம் ஒண்ண நம்ம முன்னாடி வச்சிட்டு மனுசன் பாட்டுக்குப் போயிட்டாரு.

பசங்க கேட்டது இதுக்கு நேர் எதிர், தெறந்து போட்ட பாத்திரம்.

அதுக்காக பேயக் காட்டவே கூடாதுன்னும் இல்ல. 'ஜாஸ்' போஸ்டர்ல சுறா பட்டவர்த்தனமா இருக்கே. அந்தக் கதை சுவாரஸ்யமானது. 1974ல நாவல் வந்தப்ப பால் பேகன் போட்ட அட்டையில கறுப்புல வெள்ளையா ஒரு சுறா தலை, மேல ஒரு பொண்ணு, கோட்டோவியம் மாதிரி. அடுத்த வருஷம் பேப்பர்பேக் போடும்போது ரோஜர் காஸ்டல்னு ஓவியர், அதே அமைப்ப எடுத்து சுறாவ நெஜ சுறாவா, பல்லு பல்லா, பூதாகரமா வரைஞ்சு குடுத்தாரு. அதுக்காக நியூயார்க் மியூசியத்துக்குப் போயி அங்க இருந்த சுறா மாடல்கள ஃபோட்டோ எடுத்துக்கிட்டாராம், வேற வேலைக்கு வந்திருந்த மாடல் ஒருத்தர ஸ்டூல் மேல குப்புறப் படுக்க வச்சு நீந்துற மாதிரி போஸ் குடுக்கச் சொல்லியிருக்காரு. சினிமாக் கம்பெனி அந்த அட்டை ஓவியத்த அப்படியே போஸ்டராக்கிருச்சு. அசல் ஓவியம் பின்னாடி தொலைஞ்சு போச்சு, இன்னைக்கு வரைக்கும் கெடைக்கல.

படத்துல அந்தப் பொண்ணு தண்ணிக்குள்ள எறங்குறது இருட்டுல. போஸ்டர்ல பட்டப்பகல். படத்துல சுறா இருபத்தஞ்சு அடி, போஸ்டர்ல அது வாயத் தெறந்தா ஒரு டவுன் பஸ்ஸு உள்ள போயிரும். அதைவிட முக்கியமா, படத்துல ஒரு மணி நேரத்துக்கு மேல சுறாவ சரியாவே காட்ட மாட்டாங்க (செஞ்சு வச்ச எந்திர சுறா உப்புத் தண்ணில மக்கர் பண்ணுனதும் ஒரு காரணம்), ஆனா போஸ்டர்ல மொத்தத்தையும் காட்டிட்டாங்க. அப்ப ஏன் அது வேலை செய்யுதுன்னா, நமக்குக் காட்டிட்டாங்க, அந்தப் பொண்ணுக்குக் காட்டல. அவ பாட்டுக்கு நீந்துறா. நம்ம ஊர்ல நாடகத்துல வில்லன் பின்னாடி வரும்போது முன்வரிசைல ஒக்காந்திருக்கிற கெழவி "யேய் பின்னாடி பாருடா"ன்னு கத்தும் பாருங்க, அந்தக் கெழவியாத்தான் நாம போஸ்டர் முன்னாடி நிக்கிறோம்.

'சைலன்ஸ் ஆஃப் தி லேம்ப்ஸ்' 1991, வாயில விட்டில்பூச்சி ஒக்காந்திருக்கிற முகம், அது எல்லாருக்கும் தெரியும். ஆனா பூச்சி முதுகுல இருக்கிற மண்டையோட்ட பெருசு பண்ணிப் பாத்தீங்கன்னா அது மண்டையோடே இல்ல, ஏழு பொம்பளைங்க உடம்ப வளைச்சு ஒண்ணா அடுக்கி மண்டையோடு மாதிரி நிக்கிற ஃபோட்டோ, ஃபிலிப் ஹால்ஸ்மன்னு ஃபோட்டோகிராஃபர் ஓவியர் சால்வடோர் டாலியோட சேந்து 1951ல எடுத்தது. நான் இதப் பல வருஷம் கழிச்சுத்தான் கவனிச்சேன், கவனிச்ச அன்னைக்கு ராத்திரி திரும்பவும் அந்த டியூஷன் செவுரு ஞாபகம் வந்துச்சு.

படத்துல இருக்கிறதையே போட்டு ஜெயிச்சதும் இல்லாம இல்ல. 'எக்ஸார்சிஸ்ட்', 1973, பில் கோல்டு பண்ணுனது. தெருவிளக்குக்குக் கீழ தொப்பியும் பையுமா ஒரு பாதிரியார் நிக்கிறாரு, வீட்டு ஜன்னல்ல இருந்து வெளிச்சம் அவரு மேல விழுது, அவ்வளவுதான். அந்தக் காட்சியே ரெனே மக்ரித்தோட ஒரு ஓவியத்தப் பாத்து வந்த யோசனைதான். படத்துல பேய் புடிச்சு கட்டில்ல கெடக்குற பொண்ணக் காட்டியிருந்தா அந்தக் காலத்துல இன்னும் கூட்டம் வந்திருக்கும்னு யாராவது சொல்லியிருப்பாங்க, கண்டிப்பா சொல்லியிருப்பாங்க. அவரு காட்டல. இங்க வெளிச்சம்தான் பயமா இருக்கு, இருட்டுல நிக்கிற ஆளு நல்லவரு. அந்த ஒரு திருப்பலுக்காகவே அந்த போஸ்டர கடைல ஒட்டி வச்சிருந்தேன், பேனர் ஆர்டர் குடுக்க வந்த ஒருத்தர் "இது என்னப்பா வங்கியில கொள்ளையடிக்க வந்தவனா"ன்னு கேட்டாரு, எடுத்துட்டேன்.

மறைக்கிறதுக்கு ரசனை மட்டும் காரணம் இல்ல. படத்துக்கு வயசு பாத்து டிக்கெட் குடுக்கலாம், செவுத்துக்கு முடியாது, ஸ்கூல் புள்ள கூட பாக்கும். அதனால அமெரிக்காவுல போஸ்டரையும் தனியா பாத்து அனுமதி குடுக்குறாங்க, ரத்தத்துக்கு அங்க ரொம்பக் கெடுபிடி. அந்தக் கடுப்போ என்னவோ 2006ல 'சா' படத்தோட மூணாம் பாகத்துக்கு, வில்லனா நடிச்ச டோபின் பெல்லோட நெஜ ரத்தத்தையே மையில கலந்து ஆயிரம் போஸ்டர் அடிச்சு வித்தாங்க. ரத்தத்தக் காட்டத்தான கூடாது, கலக்கலாம்ல. நம்ம பசங்ககிட்ட இதச் சொல்லக் கூடாதுன்னு முடிவு பண்ணிட்டேன், எவனாவது கைய அறுத்துக்கிட்டு வந்து நிப்பான்.

இந்தப் பக்கம் இந்தில பேய்ப்படமா எடுத்துத் தள்ளுன ராம்சே பிரதர்ஸ் போஸ்டர் எல்லாம் முழு எதிர்க்கட்சி. 'புரானா மந்திர்', 1984, அந்த வகையறா. பூதம், பாழடைஞ்ச பங்களா, பயந்து கத்துற பொண்ணு, திரிசூலம், எல்லாத்தையும் ஒரே தாள்ல கையால பெயிண்ட் பண்ணி அடைச்சிருவாங்க. எனக்கு அது புடிக்கும், ஒளிவுமறைவே இல்ல, பிரியாணிக்கடை மெனு போர்டு மாதிரி. காசுக்கு என்னென்ன கெடைக்கும்னு எழுதி மாட்டிருக்கான். அந்த போஸ்டர கெட்ட பொய்னு சொல்ல மாட்டேன். கெட்ட பொய்ங்கிறது இப்ப நெட்ல வரிசையாப் பாக்குறோமே, ஒரே வெளிறுன மூஞ்சி, ஒரே விரிசல் விட்ட தோலு, கண்ணாடிக்குப் பின்னால ஒரே கை, தலைகீழ் சிலுவை, முதுகு காட்டி நிக்கிற குழந்தை, படத்துப் பேர மறைச்சா எது எதுன்னு எடுத்தவனே சொல்ல முடியாது. நம்ம ஊர்ல கூடுதலா ஒண்ணு, பேய் காமெடி சீசன் ஆரம்பிச்சதுல இருந்து பேய் எங்க இருந்தாலும் ஹீரோ மூஞ்சி நடுவுல வரணும், சுத்தி காமெடியன்ங்க வாயப் பொளந்துக்கிட்டு வரிசையா, அதுல பேய்க்கு எடம் குடுத்தாலே பெருசு.

கறுப்புதான் பேய்க்கலர்னு எவன் சொன்னான்? 'ஷைனிங்', 1980, பளீர்னு மஞ்சள், அதுல கறுப்பு எழுத்துக்குள்ள புள்ளி புள்ளியா ஒரு மூஞ்சி. 'மிட்சோமார்', 2019, நீல வானம், பூக்கிரீடம் வச்சுக்கிட்டு ஒரு பொண்ணு அழுவுறா, பட்டப்பகல். ஷைனிங்குக்கு வரைஞ்சது சால் பாஸ், போஸ்டர் டிசைன்ல அப்பேர்ப்பட்ட ஆளு, அவரோட ஸ்கெட்ச்சையே ஒண்ணு மாத்தி ஒண்ணு படத்தோட டைரக்டர் குப்ரிக் திருப்பி அனுப்பியிருக்காரு, புதிர்ப்பாதைக்கு ரொம்ப முக்கியத்துவம் குடுத்திருக்கீங்க, ஓட்டல் பாக்க ஒரு மாதிரியா இருக்குன்னெல்லாம் ஓரத்துல கையால எழுதி. அதப் பாத்ததுல இருந்து எனக்கு கஸ்டமர் மேல கோவம் வர்றதில்ல. "அண்ணே மாப்ள மூக்கு கொஞ்சம் கூர்மையாக்குங்க"ன்னு ஏழாவது கரெக்‌ஷன் வந்தாலும் சால் பாஸ நெனைச்சுக்குவேன்.

சரி எழுத்துக்கு வருவோம். இங்கதான் நான் நிஜமா மல்லுக்கட்டுனேன். ஹாலிவுட்ல ஒரு காலத்துல எல்லாப் படத்துக்கும் ட்ரேஜன்னு ஒரு ஃபாண்ட், ரோம்ல கிபி 113ல கட்டுன தூண்ல செதுக்கியிருந்த எழுத்தப் பாத்து 1989ல கேரல் ட்வாம்ப்ளி அடோபிக்காகப் பண்ணுனது. மொதல்ல பெரிய காவியப் படத்துக்கெல்லாம் அதத்தான் போட்டாங்க, போகப் போக சின்ன பட்ஜெட் பேய்ப்படத்துக்கு எறங்கிருச்சு. கல்லறைல வெட்டுன மாதிரி இருக்கிறதால பேய்க்கும் பொருந்திருச்சு போல. அப்புறம் எழுத்துக்கு எழுத்து நல்லா எடைவெளி விட்டு மெல்லிசா வைக்கிற ஸ்டைல், ஏலியன் போஸ்டர் மாதிரி. இங்கிலீஷ்ல அது அம்சமா ஒக்காரும். தமிழ்ல அத செஞ்சு பாருங்க, வெளங்கிரும். 'போர்ஷன்'ல இருக்கிற 'போ'வுக்கு முன்னாடி ஒரு கொம்பு, பின்னாடி ஒரு கால். எடைவெளிய இழுத்து விட்டா கொம்பு ஒரு தெருவுல, 'ப' ஒரு தெருவுல, கால் பக்கத்து ஊர்ல. படிக்கிறவன் 'ர்' வர்றதுக்குள்ள தூங்கிருவான். இதுல ஃபோட்டோஷாப்ல யூனிகோட் செட்டிங் சரியில்லன்னா கொம்பு பின்னாடி போயி ஒக்காந்துக்கும், அதுக்குப் பயந்தே பாதிப்பேரு இன்னும் பாமினிங்கிற பழைய ஃபாண்ட்லயே அடிக்கிறோம்.

ரத்தம் சொட்டுறதும் அப்படித்தான், இங்கிலீஷ் எழுத்துக்கு நேரா நிக்கிற காலு நெறைய, அதுல ஒழுகவிட்டா எடுப்பா இருக்கும், தமிழ் எழுத்து முழுக்க சுழி, சுழில ரத்தம் விட்டா ஜிலேபில பாகு சொட்டுற மாதிரிதான் இருக்கு. ரெண்டு நாள் முயற்சி பண்ணேன், சத்தியமா பசி எடுத்துச்சு.

மூணாவது நாள் பசங்கள ஒக்கார வச்சு கதைய முழுசாக் கேட்டேன். மூணு பேரு ஒரு போர்ஷனுக்குக் குடி போறாங்க, நாலாவதா ஒரு குரல் கேக்குது. சரி, வாசல்ல செருப்பு விடுவீங்கள்ல, மூணு ஜோடி செருப்பு, பக்கத்துல நாலாவதா ஒரு ஜோடி, மூடுன கதவு, இதான் போஸ்டர்னேன். மொதல்ல எங்க வீட்டம்மா செருப்ப வச்சு ஃபோட்டோ எடுத்தோம். கடைல வேலை பாக்குற பையன் பாத்துட்டு, "பேச்சிலர் ரூம் வாசல்ல லேடீஸ் செருப்புன்னா அது வேற படம்ணே"ன்னான். நியாயம்தான். எங்க பாப்பாவோட செருப்ப எடுத்துட்டு வந்தேன், நடந்தா கீச் கீச்னு சத்தம் வருமே அந்தச் செருப்பு. வச்சுப் பாத்தா எனக்கே கொஞ்சம் வயித்தக் கலக்குச்சு.

டைரக்டர் தம்பிக்குத் திருப்தி இல்ல. "படத்துல இந்த சீனே இல்லையேண்ணே"ன்னான். நான் முட்டைக் கதை, பாறை மேட்டுக் கதை எல்லாம் சொன்னேன். கேட்டுக்கிட்டான், கேட்டுட்டு, "அதெல்லாம் சரிண்ணே, பேய்க்குத்தான் காலே கெடையாதே, செருப்பு எதுக்கு?"

பதில் இல்ல என்கிட்ட. சால் பாஸே வந்தாலும் இதுக்குப் பதில் சொல்ல முடியாது. அன்னைக்கு ராத்திரி டைட்டிலப் பாத்துக்கிட்டே ஒக்காந்திருந்தப்பதான் பட்டுச்சு, பேய்க்குக் கால் இல்லன்னா தலைப்புல இருக்கிற காலையும் எடுத்துருவோமேன்னு. 'போ'வுல துணைக்கால லேசா மங்கலாக்குனேன், சுத்தமா அழிக்காம, உத்துப் பாத்தா மட்டும் தெரியிற அளவு. இப்பப் பாருங்க, 'பே'ன்னு நிக்குது. பேர்ஷன். ரத்தம் கித்தம் எதுவும் வேண்டியிருக்கல. பசங்க மூணு பேரும் இதப் பாத்துட்டு அஞ்சு நிமிசம் ஒண்ணும் பேசல, அப்புறம் "சூப்பர்ணே"ன்னானுங்க, அஞ்சு வருசத்துல எனக்குக் கெடைச்ச பெரிய அவார்டு அதான். காதுகுத்து பேனருக்கு எவன் சூப்பர்னு சொல்றான்.

ஏ3 சைஸ்ல இருவது காப்பி அடிச்சு காலேஜ் பக்கம் ஒட்டுனானுங்க, ஒண்ணு நம்ம டீக்கடையிலயும். மாஸ்டர் ரொம்ப நேரம் பாத்துட்டு, "எழுத்துப் பிழை இருக்குப்பா, கால விட்டுட்டீங்க"ன்னாரு. நான் ஒண்ணும் சொல்லல. அடுத்த டீ ஆத்திக்கிட்டே திரும்பவும் பாத்தாரு. "உள்ள மூணு பேருங்கிற, அந்தப் புள்ள செருப்பு யாருது?"

1931ல வந்த டிராகுலா படத்தோட போஸ்டர் ஒண்ணு 2017ல ஏலத்துல 5,25,800 டாலருக்குப் போச்சு. அந்தக் காலத்துல யாரும் எடுத்து வைக்காததால மிச்சம் இருக்கிறதே கொஞ்சம், அதான் அந்த வெலை. நானும் 'போர்ஷன்' போஸ்டர் ஒரு காப்பி சுருட்டி பீரோ மேல போட்டு வச்சிருக்கேன், டீக்கடையில ஒட்டுனத வழக்கம் போல மாடு பாத்துக்கிச்சு.

போன வாரம் டைரக்டர் தம்பி வந்தான். போஸ்டரப் பாத்தவன்லாம் செருப்பு செருப்புன்னு கேக்குறான்னு, திரும்பப் போயி செருப்பு சீன் ஒண்ணு எடுத்து படத்துல சேத்துட்டாங்களாம். ராத்திரி, இருட்டு, வாசல்ல நாலாவது செருப்பு தானா நகருது, கீச் கீச்னு சத்தம். காலேஜ் ஆடிட்டோரியத்துல போட்டுக் காட்டியிருக்கானுங்க, அந்த சீன் வந்ததும் மொத்த ஹாலும் விழுந்து விழுந்து சிரிச்சிருக்கு. "ஏண்ணே போஸ்டர்ல பயமா இருந்துச்சு, படத்துல சிரிக்கிறானுங்க"ன்னு பாவமா கேட்டான். சத்தத்த எடுத்துருடான்னேன். அதுக்கு சவுண்ட் பண்ண பையன் ஒத்துக்க மாட்டேங்கிறானாம், அவனோட ஒரே வேலை அதுதானாம்.

செருப்ப மட்டும் இன்னும் திருப்பித் தரல. பாப்பா தினமும் கேக்குது.